சுங்க அலுவலகத்தில் இறங்கிய சீர்வரிசை

சுங்கத்துறையிடம் பொய் சொல்கிறவர்கள் எல்லாரும் ஒரே திசையில்தான் பொய் சொல்வார்கள். புதுப் போனைப் பழசு என்பார்கள். பட்டுப் புடவையைப் பாலியெஸ்டர் என்பார்கள். கழுத்தில் கிடப்பது கவரிங் என்று பெற்ற தாயின் மேல் சத்தியம் செய்வார்கள், தாய் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாலும். ஆனால் பொருளின் விலையைத் தானே முன்வந்து நான்கு மடங்காக்கி, "இந்தாருங்கள், இதற்கும் சேர்த்து வரி போட்டுக்கொள்ளுங்கள்" என்று கீழே கையெழுத்தும் போட்டுக் கொடுத்தவன் எனக்குத் தெரிந்து ஒருவன்தான். தினமும் காலையில் பல் தேய்க்கும்போது கண்ணாடியில் அவனைப் பார்க்கிறேன். இன்னும் அசட்டுக் களை குறையவில்லை.

என் ஒரே தங்கை வித்யா ஜெர்மனியில் இருக்கிறாள். அவள் மகளுக்குக் காது குத்து வைத்தார்கள். காது குத்து என்றால் குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும், தாய்மாமன் எடுத்த துணியை உடுத்த வேண்டும், தாய்மாமன் சீர் தட்டுத் தட்டாக இறங்க வேண்டும். அந்தத் தாய்மாமன் நான். துரதிர்ஷ்டம் குழந்தைக்கா எனக்கா என்பது பார்க்கிறவர் கோணத்தைப் பொறுத்தது. விசாவுக்கு நேர்காணல் தேதி கேட்டபோது, அந்தப் பிள்ளையின் கல்யாணத்துக்கு வேண்டுமானால் வரலாம் என்கிற மாதிரி ஒரு தேதி காட்டியது இணையதளம். ஆக, மாமன் போக முடியாது. சீராவது போய்ச் சேர வேண்டும், அதுவும் காது குத்து நடக்கும் ஞாயிற்றுக்கிழமைக்குள். போய்ச் சேராவிட்டால் என் தங்கை அவள் மாமியார் முன்னால் வெறுங்கையோடு நிற்பாள்.

மாமியாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சகுந்தலா அம்மாள். சேலம். பேத்தியைப் பார்த்துக்கொள்ள ஆறு மாத விசாவில் போயிருந்தார் (அவருக்கு மட்டும் எப்படிக் கிடைத்தது என்று கேட்காதீர்கள், தூதரகமே பயந்திருக்கும்). வித்யாவின் கல்யாணத்தன்று நான் வியர்வை வழிய வழிய வரிசை வைத்து முடித்ததும், கண்ணாலேயே ஒரு முறை எண்ணிப் பார்த்துவிட்டு, "தட்டு பதினொண்ணுதானா? பரவால்ல தம்பி, மண்டபமும் சின்னதுதானே" என்றார். அவ்வளவுதான். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் அந்த வார்த்தை நாலு வருடமாக நெஞ்சுக்கூட்டில் மீன்முள்ளாக நின்றது. மழை வந்தால் வலிக்கும். முகூர்த்த நாளில் இன்னும் அதிகமாக வலிக்கும்.

காது குத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது வித்யா போனில் யதார்த்தமாக ஒன்று சொன்னாள்.

"அண்ணா, ரொம்ப செலவு பண்ணாத. ஆனா எது அனுப்பினாலும் நல்லா பேக் பண்ணு. எங்க அத்தை எந்தப் பார்சல் வந்தாலும் முதல்ல பொட்டி மேல ஒட்டியிருக்கற பேப்பரைத்தான் எழுத்துக்கூட்டிப் படிப்பாங்க. என்ன விலை போட்டிருக்குன்னு."

அவள் பேக்கிங்கைப் பற்றிச் சொன்னாள். என் காதில் விழுந்தது பேப்பர் மட்டும்தான்.

நாங்கள் இருப்பது தாம்பரத்தை அடுத்த முடிச்சூர். எங்கள் தெருவில் பெரிய வெள்ளத்துக்குப் பிறகு எல்லார் வீட்டுப் பரணிலும் ஒரு டிவி அட்டைப்பெட்டி இருக்கும். அடுத்த வெள்ளம் வந்தால் டிவியைப் பத்திரமாக ஏற்றி வைக்கவாம். (தண்ணீர் முதலில் அட்டையைத்தான் கரைக்கும் என்று சொன்னால் யாருக்கும் பிடிக்காது.) அந்தப் பெட்டியைத்தான் இறக்கினேன். உள்ளே பாப்பாவுக்குப் பட்டுப் பாவாடை சட்டை, வித்யாவுக்குப் புடவை, சம்பந்தியம்மாவுக்குப் புடவை, மாப்பிள்ளை பிரபுவுக்கு வேட்டி சட்டை, முறுக்கு, அதிரசம், பால்கோவா, கல்கண்டு, கண்ணாடி வளையல், மஞ்சள், திருநீர்மலைக் கோயில் குங்குமம். எண்ணிப் பார்த்தால் மறுபடியும் பதினொன்று! விதி. அதோடு அடுக்குவதற்குப் பதினொரு எவர்சில்வர் தாம்பாளமும் வைத்தேன். தட்டு இல்லாமல் சீர் எப்படி? அப்புறம் ஒரு சுருள் பிரவுன் டேப்பையும் தீர்த்தேன். என் மனைவி மாலதி வாசல்படியில் நின்று பார்த்தாள்.

"பார்சலா, பிரேதமா?"

"பத்திரமா போகணும்ல."

"பிரிக்கவும் முடியணும்ல."

எதில் அனுப்புவது என்று வந்தபோது எனக்குள் இருந்த வேண்டாத ஆசாமி விழித்துக்கொண்டான். வசனத்திலேயே கவிதை எழுதுகிறேன் என்று இரண்டு புத்தகம் போட்டவன் அவன். கப்பல், என்றான். சீர் கடல்வழி போகட்டும். மஞ்சளும் குங்குமமும் அலை மேல் ஆடி, கால்வாய் கடந்து, கடற்காக்கைகள் வழிகாட்ட, ஒரு பனிமூட்டத் துறைமுகத்தில் மெல்ல இறங்கட்டும். தபால் நிலையத்தில் விசாரித்தேன். தாராளமாக அனுப்பலாம், எப்போது போய்ச் சேரும் என்பதைக் கடல்தான் சொல்ல வேண்டும், மாதக்கணக்கு ஆகும் என்றார்கள். பால்கோவா அவ்வளவு நீளமான கவிதையைத் தாங்காது. விமானத்தில் அனுப்பலாமா என்றேன். அனுப்பலாம், ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும், பெட்டியைத் திறங்கள் என்றார்கள். நான் டேப்பைப் பார்த்தேன். டேப் என்னைப் பார்த்தது. நானும் மாலதியும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டோம்.

கடைசியில் மேற்கு தாம்பரத்தில், வெளிநாட்டுக்கு ஊறுகாய் முதல் உரல்வரை அனுப்பித் தருவதாகப் பலகை வைத்திருந்த ஒரு சின்னக் கடைக்குப் போனோம். முதலாளி பெயர் டேவிட். கல்லாவில் ஒரு கால், தராசில் ஒரு கை என்று உட்கார்ந்திருந்தார்.

"இன்னா சார், டிவியா?"

"டிவி இல்லீங்க. சீர்."

"சீரா? பொட்டியப் பாத்தா மாப்ளையே உள்ள குந்தினுகீறா மாதிரி கீது."

டேப்பை அறுக்கவே அவருக்கு இரண்டு பிளேடு செலவானது. திறந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"சார், பாதி பொட்டி காத்து. ப்ளைட்ல எடைக்கு மட்டும் துட்டு இல்ல சார், எடத்துக்கும் துட்டு. நீளம், அகலம், ஒசரம் மூணையும் பெருக்கி ஒரு எடை போடுவான். எது ஜாஸ்தியோ அதுக்குத்தான் துட்டு. முறுக்குக்கும் துட்டு கட்டி, முறுக்கு ஓட்டைக்கும் துட்டு கட்டுவியா?"

அப்புறம் தாம்பாளங்களை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தார்.

"தட்டுக்கு எதுக்கு சார் ப்ளைட் டிக்கெட்டு? அந்த ஊர்ல தட்டே இல்லியா?"

மாலதி என்னைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தாள். சிரிப்பை அடக்குவதற்குக் கூரை மாதிரி வசதியான இடம் கிடையாது. தாம்பாளமெல்லாம் எங்களோடு வீட்டுக்குத் திரும்பின. மீதி ஒரு நடுத்தரப் பெட்டிக்குள் கச்சிதமாக அடங்கியது. அடுத்து படிவம்.

பொருள்களின் விவரம் எழுதச் சொன்னார். நான் பேனாவை வாங்கி, ஆங்கிலத்தில், ஒரு மாமனின் வாழ்த்தை நெய்த சிவப்புப் பட்டு என்று தொடங்கினேன். கட்டம் நிறைந்து ஓரத்தில் ஏறி, பக்கத்துக் கட்டத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது வாழ்த்து. டேவிட் எட்டிப் பார்த்தார். பேனாவைப் பிடுங்கி, ஒரே கோடு கிழித்து, மேலே 'குழந்தை உடை, ஒன்று' என்று எழுதினார். என் வாழ்நாளில் இவ்வளவு நேர்மையான விமர்சனம் கிடைத்ததில்லை.

"மதிப்பு இன்னா போடலாம்? எல்லாஞ் சேத்து ஆயிரம்னு வெச்சிக்கலாமா?"

"ஆயிரமா!"

"கம்மியாப் போட்டா அங்க டூட்டி, அதான் சுங்க வரி, வராது சார். அல்லாரும் அப்டித்தான் போடறது."

"அப்படி எழுதினா தப்பில்லையா? கேட்டா?"

"கேட்டா அப்பப் பாத்துக்கலாம்."

எனக்குக் கோபம் வந்தது நேர்மையினால் என்று எழுதத்தான் ஆசை. அதனால் இல்லை. என் தங்கை மகளுக்கு ஆயிரம் ரூபாய்ச் சீரா? அந்தப் பேப்பரைச் சம்பந்தியம்மா எழுத்துக்கூட்டிப் படித்து, 'பரவால்ல தம்பி, பொட்டியும் சின்னதுதானே' என்று சொல்லிவிட்டால்?

மாலதி கைப்பையைத் திறந்தாள். "ரெண்டு பேரும் கொஞ்சம் சும்மா இருங்க. பில்லு எங்கிட்ட இருக்கு. அதுல என்ன இருக்கோ அத எழுதுங்க. வேல முடிஞ்சுது."

"மாலதி, இது கடைச் சாமான் இல்ல. சீர்."

"சீருக்குத் தனிக் கணக்கா?"

"மானக் கணக்கு" என்றேன். சத்தியமாக இதே வார்த்தையைத்தான் சொன்னேன். சொல்லும்போது குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டது கூட நினைவிருக்கிறது.

பில் தொகையை நான்கால் பெருக்கினேன். ஏன் நான்கு? மூன்று கஞ்சத்தனமாகத் தெரிந்தது, ஐந்து ஆடம்பரமாகத் தெரிந்தது. நமக்கு அடக்கம் முக்கியம். டேவிட் அந்த எண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்ப எண்ணைப் பார்த்தார்.

"சார், இந்தக் கடை வெச்சி பத்து வருசத்துக்கு மேல ஆவுது. மேல ஏத்திப் போட்ட மொத ஆளு நீதான்."

பாராட்டு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

"சரி, டூட்டி வந்தா இங்கியே நீ கட்டிக்கறியா, அங்க வாங்கறவங்க கட்டுவாங்களா? இங்க கட்டறதா இருந்தா சார்ஜு கொஞ்சம் ஜாஸ்தியாவும்."

"வந்தாத்தானே?"

"ஆமாமா. பாப்பாவோட பாவாடைக்கு எவன் டூட்டி போடுவான்?"

ஒரு நிமிடத்துக்கு முன்னால்தான் அந்தப் பாவாடைக்கு ஒரு ராஜகுமாரியின் விலையை எழுதியிருந்தேன். ஆனாலும் மிகத் தெளிவாக, 'பெறுபவர் கட்டுவார்' என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். சீரை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு, வாசலில் இறங்கியதும் ஆட்டோவுக்குச் சம்பந்தியே கொடுத்துவிடட்டும் என்று சொல்வதற்கு விமானப் போக்குவரத்தில் இப்படி ஒரு கட்டம் வைத்திருக்கிறார்கள்.

அதன் பிறகு வந்த நாட்களை வர்ணிக்க என்னைத் தவிர யாருக்கும் தகுதி இல்லை. போனில் அந்தப் பெட்டியின் பயணத்தைப் பார்த்துக்கொண்டே திரிந்தேன். பெருங்களத்தூர் சிக்னலில் பஸ் நிற்கும்போது அது வளைகுடாவில் நின்றது. நான் மசால் தோசை தின்னும்போது அது மேகம் தின்றது. என் உடம்பு காட்டாங்குளத்தூரில் ஒரு தனியார் கல்லூரி அலுவலகத்தில் தேர்வுச் சுற்றறிக்கை தட்டிக்கொண்டிருக்க, என் உயிர் பிரவுன் அட்டைக்குள் மடங்கி ஆறு நாட்டு வானத்தைக் கடந்தது. வியாழக்கிழமை மதியம் பார்த்தேன். 'சுங்கத்தில் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது.'

மாலையே மாப்பிள்ளை கூப்பிட்டார். பிரபு பரம சாது. வீடு தீப்பிடித்தாலும் 'ஒரு சின்ன டவுட்' என்றுதான் ஆரம்பிப்பார்.

"மச்சான், ஒரு சின்ன டவுட். கஸ்டம்ஸ்லேர்ந்து மெயில் வந்திருக்கு. நேர்ல வந்து பொட்டியப் பிரிச்சுக் காட்டணுமாம். டூட்டி ஒண்ணு போடுவாங்களாம்."

"எவ்வளவு மாப்பிள்ளை?"

அவர் சொன்னார். மாலதி காதில் விழாமல் இருக்க நான் போனோடு வாசலுக்குப் போனேன்.

பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன் (எல்லாவற்றையும் பிறகு படிப்பது என் வழக்கம்). பரிசுப் பொருள் என்றால் ஒரு சின்ன வரம்பு வரை அங்கே வரி கிடையாது. வரம்பைத் தாண்டினால் இறக்குமதி வரி, அதற்கு மேல் விற்பனை வரி மாதிரி இன்னொன்று. அதையும் வெறும் பொருளின் மேல் போடமாட்டார்கள். அனுப்பிய செலவையும் விலையோடு கூட்டி, அந்த மொத்தத்தின் மேல் போடுவார்கள். அதாவது நான் கற்பனை செய்த விலைக்கும் வரி, அந்தக் கற்பனை ஏறிப்போன விமானச் செலவுக்கும் வரி. கற்பனைக்கு இவ்வளவு மரியாதை கொடுக்கும் தேசத்தை நான் கேள்விப்பட்டதே இல்லை.

"நான் எழுதின விலை கொஞ்சம்... கூட இருக்கும் மாப்பிள்ளை."

"கொஞ்சம்னா?"

"நாலு மடங்கு."

பிறகு அதே சாதுவான குரல். "அப்ப ஒரிஜினல் பில்லு காட்டினா கொறைப்பாங்க மச்சான். நாளைக்குக் காலைல போறேன். நாளை விட்டா ஆபீஸ் லீவு, ஞாயித்துக்கிழமை ஃபங்ஷன். நீங்க லைன்ல இருங்க, ஸ்பீக்கர்ல போடறேன். வித்யாவுக்கு வேலை இருக்கு. அம்மா கூட வர்றேன்னு சொல்றாங்க."

"அம்மா எதுக்கு?"

"எம் பேத்தி சீர எவளோ ஒருத்தி பிரிச்சுப் பாப்பாளா, நானும் வர்றேங்கறாங்க."

வெள்ளிக்கிழமை. இங்கே சாப்பாட்டு நேரம், அங்கே காலை. கல்லூரி கேன்டீனுக்குப் பின்னால் பைக் நிறுத்தும் இடத்தில், ஒரு வேப்பமரத்தடியில் போனைக் காதில் அழுத்திக்கொண்டு நின்றேன். சுங்க அலுவலகத்தில் படம் எடுக்கக் கூடாதாம். அதனால் வெறும் குரல். என் சீர் உலகத்தின் மறு மூலையில் பிரிக்கப்படுவதைச் சத்தமாக மட்டும் கேட்டேன். கத்தரிக்கோல் டேப்பில் இறங்கும் சத்தம், ஒரு பெண் அதிகாரியின் பெருமூச்சு, முறுக்குப் பொட்டலத்தின் சரசரப்பு, கண்ணாடி வளையல்களின் சின்னச் சிணுங்கல். அந்தச் சிணுங்கலைக் கேட்டதும் போனை இன்னும் இறுக்கிக் காதோடு வைத்துக்கொண்டேன். மனுஷன் உருகுவதற்கு அவகாசம் கொடுத்தால்தானே. உடனே சகுந்தலா அம்மாள் குரல்.

"பிரபு, அந்தப் பொண்ணு எல்லாத்தையும் ஒண்ணு மேல ஒண்ணாப் போடுது பாரு. சீர அப்படியா குவிப்பாங்க? தனித்தனி தட்டுல வைக்கச் சொல்லு."

"அம்மா, இது கஸ்டம்ஸ் ஆபீஸு."

"எதுவா இருந்தா என்ன? அதோ அங்க தட்டு அடுக்கி வெச்சிருக்கே."

சாமான் வைக்கும் சாம்பல் நிற பிளாஸ்டிக் தட்டுகளாம். மாப்பிள்ளை ஏதோ தயங்கித் தயங்கி ஜெர்மனில் சொன்னார். தட்டுகள் மேசையில் இறங்கும் சத்தம் கேட்டது. ஒன்று, இன்னொன்று, இன்னொன்று. அந்த அதிகாரியம்மா சட்டப்படி சோதனை போடுகிறார், சம்பந்தியம்மா சாஸ்திரப்படி வரிசை வைக்கிறார். ஒரே மேசை, ஒரே வேலை.

பால்கோவாவில் நின்றது. பால் பொருள் பார்சலில் வரக் கூடாதாம். பறிமுதல்.

"பால்கோவாவ எடுத்துட்டா பத்து ஆயிடுமே. ரெட்டைப்படைல சீர் வைக்கக் கூடாது. காலித் தட்டு ஒண்ணு கேளுடா" என்றார் சகுந்தலா அம்மாள். கொடுத்திருக்கிறார்கள். தன் கைப்பையில் பசிக்கு வைத்திருந்த வாழைப்பழத்தை எடுத்து அதில் வைத்தாராம்.

அப்புறம் பில் கேட்டார்கள்.

"மச்சான், ஃபோட்டோ புடிச்சு உடனே அனுப்புங்க. எனக்கு வேண்டாம், என் போன்ல சார்ஜ் போகப் போகுது, பேசிட்டிருக்கும்போதே ஆஃப் ஆயிடும். அம்மா நம்பருக்கு அனுப்புங்க. அம்மா போன்ல காட்டிடறேன்."

இந்த இடத்தில் பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். பிளக்கவில்லை. வேப்பம்பழம் ஒன்று தலையில் விழுந்தது, அவ்வளவுதான்.

அந்த பில் எப்படிப்பட்டது என்று சொல்கிறேன். தாம்பரத்துத் துணிக்கடை ஒன்றில் ஆடி மாதக் கடைசி வாரம் எடுத்தது. தலைப்பிலேயே பெரிதாக 'ஆடித் தள்ளுபடி' என்று இருக்கும். பாவாடை பாதி விலை. வேட்டி பாதி விலை. புடவை இரண்டு, ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம். ஒரு புடவைக்கு எதிரே ஒரு தொகை இருக்கும். இன்னொன்றுக்கு எதிரே, அச்சுக் கொஞ்சமும் மங்காமல், சைபர்.

இருக்கிற வழி இரண்டு. பில்லை அனுப்பாவிட்டால் மாப்பிள்ளை அந்தப் பயங்கர வரியைக் கட்ட வேண்டும், அல்லது சீரை அங்கேயே விட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை என் தங்கை தலைகுனிய வேண்டும். அனுப்பினால் நான் தலைகுனிய வேண்டும். அந்த லைனை ஹோல்டில் வைத்து, மாலதிக்கு போன் போட்டு பில்லைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னேன். ஒரு நொடியில் வந்தது. (தயாராக வைத்திருந்திருக்கிறாள்.) கண்ணை மூடிக்கொண்டு சம்பந்தியம்மாவுக்கு அனுப்பினேன். உலகத்திலேயே தன் சீர் எவ்வளவு மலிவு என்பதை ஆதாரத்தோடு நிரூபித்து, அதை ஏற்றுக்கொள்ளச் சொல்லிச் சம்பந்தியிடம் மன்றாடிய தாய்மாமன் வேறு யாராவது இருந்தால் தெரியப்படுத்துங்கள், சங்கம் வைக்கலாம்.

சகுந்தலா அம்மாள் எழுத்துக்கூட்டிப் படிக்கிறார் என்று எனக்குத் தெரியும். பிறகு மாப்பிள்ளையின் அப்பாவிக் குரல்.

"மச்சான், ஒரு சின்ன டவுட். ஆபீசரம்மா கேக்கறாங்க. இந்த ரெண்டு பொடவைல எது ஃப்ரீ?"

நான் பதில் தேடுவதற்குள் சம்பந்தியம்மா முந்திக்கொண்டார்.

"எனக்கு எடுத்ததாத்தான் இருக்கும்" என்றார் சகுந்தலா அம்மாள், தூரத்திலிருந்து, மிகத் தெளிவாக.

"அப்படி இல்லம்மா, ரெண்டும் ஒரே..."

"இருக்கட்டும் தம்பி. நல்ல கலரு."

அதிகாரி விடவில்லை. அது அவர் வேலை. எல்லாரும் குறைத்து எழுதுவார்கள், அது எங்களுக்குப் புரியும். இவர் ஏன் கூட்டி எழுதினார்? இதில் வேறு ஏதாவது ஏமாற்று இருக்கிறதா? என்று கேட்டாராம். நியாயமான கேள்வி. பணக் கடத்தலுக்கும் மானக் கணக்குக்கும் வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. மாப்பிள்ளை தனக்குத் தெரிந்த ஜெர்மனையெல்லாம் கூட்டிப் பார்த்தும் 'சீர்' என்பதற்குச் சொல் கிடைக்காமல் திணறினார். சகுந்தலா அம்மாள் குறுக்கிட்டார்.

"நீ தள்ளு. இப்படிச் சொல்லு அந்தப் பொண்ணுகிட்ட. இவரு குழந்தைக்கு மாமன். எங்க ஊர்ல மாமன்காரன் எழுதினா அப்படியே எடுத்துக்கக் கூடாது. நாலால வகுத்துக்கணும். அது எங்க வழக்கம்னு சொல்லு."

மாப்பிள்ளை மொழிபெயர்த்தார். பிறகு அதுவரை கேட்காத ஒரு சத்தம். அதிகாரியம்மா சிரித்தார். பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டு அவரிடமும் சொன்னாராம். அவரும் சிரித்தார். இரண்டு ஐரோப்பியர்கள் என் மானத்தை நான்கால் வகுத்து, மீதி எவ்வளவு என்று பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தபோது, கேன்டீனில் யாரோ "சார், சாம்பார் சாதம் தீந்துடும்" என்று கூப்பிட்டார்கள்.

அசல் பில்லுக்குப் போட்ட வரி ஒரு நல்ல ஓட்டல் சாப்பாட்டுக்குத்தான் வந்தது. அதைச் சகுந்தலா அம்மாளே கட்டினார். நான் பதறி, "அம்மா, நான் அனுப்பிடறேன்" என்றேன்.

"எவ்வளவு அனுப்புவீங்க? நாலு மடங்கா?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காது குத்து நடந்தது. அந்த ஊரிலும் ஒரு தமிழ்க் கோயில் இருக்கிறது. நாங்கள் முடிச்சூரிலிருந்து வீடியோவில் பார்த்தோம். மாமன் மடிக்கு என்ன செய்வது என்று ஐயர் கேட்க, சகுந்தலா அம்மாள் என் அட்டைப்பெட்டியைக் கொண்டுவரச் சொல்லி, மேலே ஒரு போர்வை விரித்து, அதில் குழந்தையை உட்கார வைத்தார். சிவப்புப் பட்டில் அந்தப் பிஞ்சு, காதில் ஊசி இறங்கியதும் முகத்தைச் சுருக்கி, பெட்டியின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதது. மாலதி என் தோளைத் தொட்டாள். "பாருங்க, உங்களத்தான் புடிச்சிட்டிருக்கு" என்றாள். அந்த ஒரு தடவை மட்டும் அவள் குரலில் கிண்டல் இல்லை. மறுநாள் சரியாகிவிட்டாள்.

அதன் பிறகு எங்கள் இரண்டு குடும்பத்திலும் ஒரு புது வாய்ப்பாடு அமலுக்கு வந்தது. பத்து நிமிடத்தில் வந்துவிடுகிறேன் என்று நான் சொன்னால், அவர்கள் நாற்பது நிமிடம் கழித்து வாசலுக்கு வருகிறார்கள். (இங்கே மட்டும் பெருக்குகிறார்கள்.) என் புத்தகம் முன்னூறு பிரதி விற்றது என்று சொன்னால், ஒரு சித்தப்பா விரலை மடக்கி "எழுபத்தஞ்சு, நல்ல விற்பனைதான்" என்கிறார். வித்யாவின் மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். என்னை அவள் பெயர் சொல்லி மாமா என்று கூப்பிட்டதே இல்லை. "டூட்டி மாமா" என்றுதான். அந்தப் பெயருக்கு என்ன காரணம் என்று யாராவது கேட்டால் கதையை முழுசாகச் சொல்கிறாள், ஜெர்மன் அதிகாரியின் சிரிப்பு உட்பட. பிறந்து ஒரு வயதில் நடந்ததை இவ்வளவு துல்லியமாகச் சொல்ல வேண்டுமென்றால், தினமும் சேலத்திலிருந்து போனில் பாடம் எடுத்திருக்க வேண்டும். எடுத்தவர் யாரென்று சொல்லத் தேவையில்லை.

போன மாதம் சேலையூரில் ஒரு உறவுக்காரர் வீட்டுக் கிரகப்பிரவேசம். சகுந்தலா அம்மாள் சேலத்திலிருந்து வந்திருந்தார். சீரில் வந்த அதே புடவை. எந்த விசேஷத்துக்கும் அவர் அதைத்தான் கட்டுகிறார். பந்திக்குக் காத்திருந்த கூட்டத்தில் ஒரு அம்மாள் முந்தானையைத் தொட்டுப் பார்த்து, "அருமையா இருக்கே. என்ன விலை இருக்கும்?" என்று கேட்டார்.

சகுந்தலா அம்மாள் அவருக்குப் பதில் சொல்லவில்லை. கூடம் முழுக்கக் கேட்கும்படி என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, இந்தப் பொடவை என்ன விலைன்னு கேக்கறாங்க. நீங்களே சொல்லிடுங்க."

லீவுக்கு வந்திருந்த வித்யா வாயைப் பொத்திக்கொண்டாள். மாலதி கூரையைப் பார்த்தாள். நான் இலைக்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"இலவசம்மா" என்றேன்.

சகுந்தலா அம்மாள் முந்தானையைத் தோளில் நீவி விட்டுக்கொண்டு, கேட்ட அம்மாளிடம் திரும்பினார்.

"இந்த நிஜ விலைய இவரு வாயால வரவைக்கத்தான் நான் ஜெர்மனி வரைக்கும் போக வேண்டியதாச்சு."